ஏழாம் இலக்கம், வலது மூலை

கூடைப்பந்தாட்டத்தை வானொலியில் சொல்ல முடியாது என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே மூச்சுவிட நேரம் கிடைக்கும். பந்துவீச்சாளர் திரும்பி நடக்கும்போது மேகத்தைப் பற்றிப் பேசலாம், மைதானத்து ஓரத்தில் நிற்கும் ஐஸ்கிரீம் வண்டியைப் பற்றிப் பேசலாம். கூடைப்பந்தில் அதெல்லாம் நடக்காது. 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள தளத்தில் பத்துப் பேர் ஓடிக்கொண்டே இருப்பார்கள். ஒரு கூடை விழுந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் மறுமுனையில் இன்னொன்று விழுந்துவிடும்.

கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் வசிக்கும் தமிழ் அறிவிப்பாளர் ஒருவர் இந்த வாதத்துக்குப் பதில் சொல்வதில்லை. குளிர்கால மாலைகளில் ஹெட்செட்டும் ஒலிவாங்கியும் கிடக்கும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்துக்கு நடந்து போய்விடுகிறார். பகலில் அவருக்கு வேறு வேலை. இணையத்தில் இயங்கும் சிறிய தமிழ் வானொலி ஒன்றுக்குச் சம்பளமில்லாமல் வர்ணனை செய்கிறார். இந்தக் கட்டுரையில் தன் பெயரைப் போட வேண்டாம் என்றார். ஆடுகிற பிள்ளைகளின் பெயரை ஒலிபரப்பில் சொல்லாதவன் தன் பெயரை மட்டும் அச்சில் பார்த்து மகிழ்வது அழகில்லை என்பது அவர் கட்சி.

அன்றைய ஆட்டம் நியூஹாம் பகுதியின் இரண்டு பள்ளிகளுக்கு நடுவே, பதினாறு வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு. பள்ளிகளின் பெயரும் இங்கே வராது. இரண்டும் ஒரே பேருந்துப் பாதையில் இருக்கின்றன. அண்ணன் ஒன்றிலும் தம்பி மற்றதிலும் படிக்கும் வீடுகள் உண்டு. மாலை டியூஷனிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் இரு பள்ளிப் பிள்ளைகளும் அடுத்தடுத்த நாற்காலியில்தான் உட்காருகிறார்கள். போட்டி முற்றுவதற்கு இதைவிட என்ன வேண்டும்? தூரத்துப் பள்ளியிடம் தோற்றால் அன்றோடு போயிற்று. பக்கத்துப் பள்ளியிடம் தோற்றால் அடுத்த நாள் காலை பேருந்திலேயே கேட்டுவிடுவார்கள்.

இந்தப் பகுதியில் கூடைப்பந்துக்கு வேர் இருக்கிறது. ஃபாரஸ்ட் கேட் நிலையத்தில் எலிசபெத் லைன் ரயில் ஏறினால் மேரிலாண்ட், அதற்கடுத்து ஸ்ட்ராட்ஃபர்ட். அங்கே ஒலிம்பிக் பூங்காவில் இருக்கும் காப்பர் பாக்ஸ் அரங்கம் 2012 ஒலிம்பிக்கில் ஹேண்ட்பாலுக்காகக் கட்டப்பட்டது. பிறகு லண்டன் லயன்ஸ் கூடைப்பந்து அணியின் வீடானது. 2024 ஏப்ரலில் லயன்ஸ் பெண்கள் அணி யூரோகப் கோப்பையை வென்றது. பிரிட்டனிலிருந்து ஓர் அணி ஐரோப்பியக் கூடைப்பந்துக் கோப்பை ஒன்றை வென்றது அதுவே முதல் தடவை. அதைவிடப் பிள்ளைகளுக்கு நெருக்கமானது 2005இல் தொடங்கிய நியூஹாம் ஆல் ஸ்டார் விளையாட்டு அகாடமி. கத்தியைத் தூக்காதே, கூடைப்பந்தைத் தூக்கு என்பது அவர்கள் நடத்திவரும் இயக்கத்தின் பொருள். இந்தத் தெருக்களில் அப்படி ஓர் இயக்கம் ஏன் வேண்டியிருந்தது என்பதை இங்கே பிள்ளை வளர்க்கும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அறிவிப்பாளரின் சொல்லகராதியையும் அந்தக் காரணம் மாற்றியிருக்கிறது. அந்தக் கதையைப் பிறகு பார்க்கலாம்.

மண்டபத்துக்குள் வர்ணனையாளருக்கென்று கூண்டு எதுவும் கிடையாது. ஸ்கோர் எழுதுகிறவரும் கடிகாரம் பார்க்கிறவரும் உட்காரும் நீள மேசையின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அந்த இடத்தை அவர் கேட்டு வாங்கிக்கொள்வார். பார்வையாளர் வரிசையின் உச்சியிலிருந்து பார்த்தால் தளம் முழுவதும் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் நடுவர் என்ன சொல்கிறார் என்பது மேசையில்தான் கேட்கும். விசில் ஊதியதும் நடுவர் மேசைப் பக்கம் திரும்பி, தவறு செய்தவரின் சட்டை இலக்கத்தை விரல்களால் காட்டுவார். பிறகு தவறின் வகை, பிறகு தண்டனை. கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும் இந்த மூன்று சைகைகளையும் படிக்கத் தெரிந்தவருக்குப் பாதி வர்ணனை கையில் வந்த மாதிரி. முன்பெல்லாம் சர்வதேச விதிப்படி ஆடும் அணிகளுக்கு 4 முதல் 15 வரையான சட்டை இலக்கங்கள்தான். 2014 விதிமாற்றத்துக்குப் பிறகு 99 வரை அணியலாம் என்றானது. அதனால் இப்போது பெரிய இலக்கங்களுக்கு நடுவர் முதலில் புறங்கையைக் காட்டிப் பத்தாம் இடத்தையும், பிறகு உள்ளங்கையைக் காட்டி ஒன்றாம் இடத்தையும் சொல்கிறார். 23ஐ 32 என்று படித்துவிட்டால் ஒரு பிள்ளையின் தவறு இன்னொரு பிள்ளையின் தலையில் விழும்.

தளத்தைப் பார்த்தால் புதிதாக வருபவருக்குத் தலை சுற்றும். ஒரே தரையில் பேட்மிண்டனுக்கு ஒரு நிறம், நெட்பாலுக்கு இன்னொன்று, கூடைப்பந்துக்கு வேறொன்று என்று கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். (நெட்பால் என்றதும் தர்ஜினி சிவலிங்கத்தின் பெயர் வராமல் போகாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, 208 சென்டிமீட்டர் உயரத்தோடு இலங்கை அணியின் வலைக்குக் கீழே நின்றவர். 2018இல் ஆசியக் கிண்ணத்தை இலங்கை வென்றபோது அணியின் தூண். லண்டன் தமிழ் நேயர்களில் பலருக்குக் கூடை என்றால் முதலில் நினைவுக்கு வருவது அவர்தான்.) அறிவிப்பாளர் ஆட்டத்துக்கு முன்பே தளத்தை ஒரு சுற்று நடந்து, மூன்று புள்ளிக் கோடு எது என்பதைக் கண்ணில் பதித்துக்கொள்கிறார். சர்வதேச விதியில் அது கூடையிலிருந்து 6.75 மீட்டர். பழைய பள்ளி மண்டபங்களில் இன்னும் உள்ளே வரையப்பட்ட பழைய கோடே இருக்கக்கூடும். எந்தக் கோட்டை வைத்து ஆடுகிறார்கள் என்று நடுவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது அவர் வழக்கம்.

கருவிகள் எளியவை. கைபேசி, சின்ன மிக்ஸர், வாய்க்கருகே வளைந்து நிற்கும் ஒலிவாங்கி உள்ள ஹெட்செட். பிபிசி வர்ணனையாளர்கள் மேலுதட்டோடு ஒட்டிப் பிடித்துப் பேசும் ரிப்பன் ஒலிவாங்கியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். சுற்றுச் சத்தத்தை வெட்டிவிட்டுப் பேச்சை மட்டும் எடுக்கும். அதன் விலை இந்த வானொலிக்குக் கட்டாது. இன்னொரு மலிவான ஒலிவாங்கியைச் சுவரோரம் இருக்கும் உடற்பயிற்சிக் கம்பியில் நாடாவால் ஒட்டிவிடுவார்; மண்டபத்தின் இரைச்சலை எடுக்க. காலணி தரையில் உரசும் கிறீச், பந்தின் தடதடப்பு, பெற்றோரின் கூச்சல் எல்லாம் அதில் வரும். அதைக் கொஞ்சம்தான் கலக்க வேண்டும். கூடினால் பேச்சு மூழ்கும். குறைந்தால் ஒருவர் குளியலறையில் நின்று தனியாகக் கத்துவது போலிருக்கும்.

வானொலியில் ஆட்டம் சொல்லும் கலை எப்படிப் பிறந்தது என்று கேட்டால் அவர் 1927க்குப் போய்விடுவார். அந்த ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்தும் வேல்ஸும் ஆடிய ரக்பி ஆட்டந்தான் பிபிசியின் முதல் நேரடி விளையாட்டு வர்ணனை. சொன்னவர் டெடி வேக்லம். அவருக்கு எதிரே பார்வையற்ற ஒரு ரக்பி ரசிகரை உட்காரவைத்து, இவருக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டு பேசு என்றார்கள். திட்டு வார்த்தை வரக் கூடாது என்று ஓர் அறிவிப்பும் ஒட்டியிருந்தது. மைதானத்தைக் கட்டங்களாகப் பிரித்து எண்ணிட்ட படத்தை ரேடியோ டைம்ஸ் இதழ் அச்சிட்டது. இன்னொரு குரல் பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கூடைப்பந்துக்கு இந்த வேலையைச் செய்தவர் நியூயார்க்கின் மார்ட்டி கிளிக்மன். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத்துக்குப் போய், யூதர் என்பதால் கடைசி நேரத்தில் ஒதுக்கப்பட்டதாகப் பலரும் நம்பும் ஓட்டக்காரர். 1946இல் நியூயார்க் நிக்ஸ் அணியின் முதல் வானொலிக் குரலானார். பந்து எங்கே என்பதை ஒவ்வொரு நொடியும் சொல்வது அவர் முறை: வலது மூலை, இடது ஓரம், ஃப்ரீ த்ரோ கோட்டின் தலை, கூடைக்கு நேர் கீழ். இடத்தைச் சொன்னால் கேட்பவர் மனதில் தளம் தானே விரியும். உணர்ச்சிச் சொற்களால் அது விரியாது.

பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பரிடமிருந்தும் ஃபாரஸ்ட் கேட்காரர் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறார். முட்டை அவிக்க நேரம் பார்க்கும் மூன்று நிமிட மணற்கடிகாரத்தைப் பார்பர் எதிரே வைத்திருப்பார். மணல் கொட்டி முடியும்போதெல்லாம் ஸ்கோரைச் சொல்லிவிட்டுத் தலைகீழாக்குவார். பாதியில் வானொலியைத் திருப்பியவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். கூடைப்பந்தில் ஸ்கோர் ஓயாமல் மாறுவதால் மணற்கடிகாரம் எதற்கு என்று தோன்றும். ஸ்கோரோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை இருக்கின்றன: எத்தனையாவது கால் பகுதி, எவ்வளவு நேரம் மிச்சம், எந்த அணிக்கு எத்தனை ஃபவுல். இவையில்லாத ஸ்கோர் பாதித் தகவல். பலகை விளையாட்டுப் பெட்டியிலிருந்து எடுத்த சின்ன மணற்கடிகாரம் ஒன்று அவர் மேசையிலும் இருக்கிறது. ஸ்கோர் எழுதும் ஆசிரியை அதை முதன்முதலாகப் பார்த்துச் சிரித்தார். இப்போது மணல் தீர்ந்தால் அவரே திருப்பிவைக்கிறார்.

தமிழில் இதைச் செய்வதற்குத் தனிச் சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் உட்கார்ந்திருக்கும். நீல அணியின் பதினொன்றாம் இலக்க வீரர் இடது ஓரத்திலிருந்து இருவரைக் கடந்து வந்து பந்தைக் கூடைக்குள் எறிந்தார் என்பது இலக்கணப்படி சுத்தமான வாக்கியம். ஆனால் அந்த எறிந்தார் வந்து சேர்வதற்குள் மண்டபம் கத்தி ஓய்ந்திருக்கும். சுவரோர ஒலிவாங்கி வழியாகக் கூடை விழுந்த செய்தி நேயருக்கு முன்பே போயிருக்கும். ஆகவே அவர் துண்டு துண்டாகப் பேசுகிறார்: “பதினொன்று. இடது ஓரம். ஒருத்தரைக் கடந்தார். அடுத்தவர் மறிக்கிறார். நின்றார், எறிகிறார்... உள்ளே! நீலம் பன்னிரண்டு, சிவப்பு ஒன்பது.” ஒவ்வொரு துண்டிலும் ஒரே ஒரு செய்தி. இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜா பேசிய வேகத்தை அண்ணன்மார் வீட்டில் நடித்துக் காட்டக் கேட்டு வளர்ந்தவர் அவர். வேகம்தான் வர்ணனை என்று தொடக்கத்தில் யாருக்கும் தோன்றும். அதே வானொலியின் பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பைக் கேட்டால் அந்த எண்ணம் போய்விடும். அவசரத்திலும் ழகரமும் ளகரமும் தனித்தனியே கேட்க வேண்டும். ஏழு என்பது எட்டு என்று கேட்டுவிட்டால் கதை முடிந்தது.

தமிழில் விளையாட்டு வர்ணனைக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. சேப்பாக்கத்திலிருந்து சென்னை வானொலிக்காகக் கிரிக்கெட்டைத் தமிழில் சொன்ன சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரல், ஐபிசி தமிழ் வானொலி வழியாகப் புலம்பெயர்ந்த வீடுகளுக்கும் வந்தது. 2020 டிசம்பரில் அவர் மறைந்தார். லண்டனிலிருந்து பல தலைமுறைகளுக்குச் செய்தி சொன்ன பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு நின்றது. கூடைப்பந்துக்குத்தான் பெரிய பரம்பரை எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் இந்த விளையாட்டுக்கு ஆட்கள் குறைவில்லை. இந்திய அணியின் தலைவியாக இருந்த சென்னை அனிதா பால்துரைக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், சொல்கிறவர்கள்தான் இல்லை.

யார் கேட்கிறார்கள்? இதை எல்லோரும் கேட்கிறார்கள், பெரும்பாலும் கொஞ்சம் நக்கலோடு. மாலை ஆறு மணிக்கு மண்டபத்துக்கு வர முடியாத பெற்றோர்தான் முதல் நேயர்கள். பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் நிற்கும் அப்பா ஒரு காதில் மட்டும் கருவியை மாட்டிக்கொண்டு கேட்கிறார். மருத்துவமனையில் பணி முடிந்து பேருந்தில் வரும் அம்மா கேட்கிறார். இவர்களோடு, ஆட்டத்தின் அரிச்சுவடியே தெரியாத அம்மம்மாக்கள். அவர்களில் ஒருவர் அனுப்பிய குரல் செய்தி அறிவிப்பாளரின் கைபேசியில் பத்திரமாக இருக்கிறது: “தம்பி, நீர் சொல்லுறது வடிவா விளங்குது. ஆனா அவன் ஏன் விசில் ஊதினவன் எண்டு சொல்லேல்லையே.” அதன் பிறகு, யாரும் மறிக்காமல் எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவுக்காக ஆட்டம் நிற்கும்போதெல்லாம் ஒரே வாக்கியத்தில் ஒரு விதி சொல்கிறார். பந்தைத் தட்டாமல் நடந்தால் தவறு. ஒருவர் ஐந்து ஃபவுல் செய்தால் வெளியே. ஒரு கால் பகுதியில் ஓர் அணி நான்கு ஃபவுலைத் தாண்டினால், அடுத்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. வேக்லமுக்கு முன்னால் அன்று உட்கார்ந்திருந்த ரசிகருக்கு ரக்பி நன்றாகத் தெரியும். இந்த அம்மம்மாவுக்குக் கூடைப்பந்து தெரியாது. கடினமான நேயர் இவர்தான்.

அன்று முதல் கால் பகுதி நீலத்துக்குச் சாதகம், 14–9. இரண்டாவதில் சிவப்பு நெருங்கியது. நடுவில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. இரு பக்கமும் எறிந்தவை விளிம்பில் பட்டுத் தெறித்தன. பதினைந்து வயதுப் பையன்கள் பள்ளி முடிந்து பசியோடு ஆடுகிறார்கள், அவ்வளவுதான். இடைவேளையில் 27–26.

இந்தத் தெறித்த பந்துகளைச் சொல்வதில் அவருக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. கூடை விழுந்தால் அது வீரரின் கணக்கு: “ஒன்பதாம் இலக்கம் எறிந்தார், உள்ளே.” விழாவிட்டால் அது பந்தின் கணக்கு: “விளிம்பில் பட்டது, வெளியே.” தவறவிட்டார் என்றோ கோட்டைவிட்டார் என்றோ அவர் வாயில் வராது. எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும் நம் மொழி இதற்கு வசதி. காசு வாங்கி ஆடும் வீரரைக் குறை சொல்லலாம்; மாலைக்குப் பிறகு வீட்டுப்பாடம் எழுதப் போகும் பிள்ளையை உறவினர் வீடுகள் எல்லாம் கேட்க ஒருவர் ஏன் குறை சொல்ல வேண்டும்?

பெயர் விஷயமும் இதே. இணையத்தில் மட்டும் இயங்கும் வானொலிக்கு, பிரிட்டனின் ஒலிபரப்பு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காமின் உரிமம் தேவையில்லை. அதன் ஒலிபரப்பு விதிக்கோவையும் இவரைக் கட்டாது. ஆனாலும் அதில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் உடல், மன நலத்தையும் கண்ணியத்தையும் காக்க வேண்டும் என்று சொல்லும் பகுதியை அவர் தன் சட்டமாக வைத்திருக்கிறார். பள்ளியின் அனுமதி, பெற்றோரின் கையெழுத்து இரண்டும் வந்தால்தான் ஒலிவாங்கி திறக்கும். வந்த பிறகும் சட்டை இலக்கம் மட்டுமே. எந்தத் தெரு, எந்த வட்டாரம், எந்த அஞ்சல் குறியீடு என்ற பேச்சே இல்லை. கிழக்கு லண்டனில் அஞ்சல் குறியீடு வெறும் முகவரி அல்ல. பையன்கள் குழுக்களாகப் பிரிந்து நிற்கும் எல்லையும் அதுவாக இருக்கிறது.

நேயர்களுக்கு இது பிடிப்பதில்லை. தமிழ்ப் பெடியன் ஆடுகிறானா, எந்த ஊர்க்காரர், யாருடைய மகன் என்று செய்தி மேல் செய்தி வரும். அன்று சிவப்பு அணியின் ஏழாம் இலக்கம் மூன்றாம் கால் பகுதியில்தான் களமிறங்கினான். மெலிந்த பையன், வலது மூலையில் போய் நின்றுகொண்டான். பந்து அவனிடம் வரவே இல்லை. வந்த முதல் தடவை எறியாமல் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டான். இரண்டாவது தடவை எறிந்தான். “ஏழு. வலது மூலை. கோட்டுக்கு வெளியே. யாரும் பக்கத்தில் இல்லை. எறிகிறார்... மூன்று!” ஒரு நிமிடத்துக்குள் கைபேசியில் ஒரு வரி: “அண்ணை, அது எங்கட மகன்.” அதை அவர் ஒலிபரப்பில் வாசிக்கவில்லை. அந்தப் பையனின் கூடைக்குக் கொடுத்த அதே குரலளவைத்தான் அதற்கு முன் நைஜீரியக் குடும்பத்துப் பையனுக்கும் லித்துவேனியக் குடும்பத்துப் பையனுக்கும் கொடுத்தார். தமிழ் வானொலி என்பதற்காகத் தமிழ்ப் பிள்ளையின் மூன்று புள்ளி நான்காகிவிடாது.

இனிச் சொல்லகராதிக் கதை. போட்டிப் பள்ளிகள் மோதும் ஆட்டம் என்றாலே தமிழனுக்கு, அதிலும் யாழ்ப்பாணத்தவனுக்கு, நாக்கில் முதலில் வருவது சமர்தான். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் கிரிக்கெட் ஆட்டத்துக்குப் பெயரே வடக்கின் பெருஞ்சமர். பத்திரிசியார் கல்லூரிக்கும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் நடப்பது பொன் அணிகளின் போர். கொழும்பில் ரோயல் கல்லூரியும் புனித தோமஸ் கல்லூரியும் ஆடுவது நீலங்களின் சமர். மார்ச் மாதம் வந்தால் லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கும் பழைய மாணவர்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு பறந்துவிடுகிறார்கள். மத்திய கல்லூரி மைதானத்தைச் சுற்றிக் கொடியும் பாண்ட் வாத்தியமும் மூன்று நாளைக்கு ஓயாது. அந்த மைதானத்தில் ஆடி வளர்ந்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024இல் ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்காகப் பந்து வீசினார். பெருஞ்சமர் என்ற பெயருக்கு அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. சுளிக்க வேண்டியதும் இல்லை. நூறு ஆண்டு தாண்டிய விளையாட்டுப் பெயர் அது.

ஆனால் இந்த அறிவிப்பாளர் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் அதே சொல் நிஜமாகவும் ஒலித்தது. 1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை; மின்கலத்துக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். இரவு பிபிசி தமிழோசை நேரத்துக்குச் சுற்றும் வேலை வீட்டுச் சின்னப் பையன்களுடையது, அவரும் சுற்றியவர். கை ஓய்ந்தால் குரல் தேயும், பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். யுத்தம், தாக்குதல், முற்றுகை, பலி என்ற சொற்களை அப்படித்தான் கேட்டார். செய்தி வாசித்தவர்கள் அவற்றை ஒருபோதும் உரத்துச் சொன்னதில்லை என்பது அவர் நினைவு. பின்னாளில் ஃபாரஸ்ட் கேட்டில் குடியேறி, கத்திக்குத்தில் இறந்த பதின்ம வயதினருக்காக வேலியோரம் பூங்கொத்துகள் வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்த பிறகு, கூடைப்பந்து வர்ணனையில் போர்ச் சொற்களை விலக்கிவிட்டார்.

விலக்கிப் பார்த்தால்தான் தெரியும், எத்தனை என்று. தாக்குதல் அணி என்ற இடத்தில் பந்து வைத்திருக்கும் அணி. தற்காப்பு என்பதற்கு மறிப்பது. சுட்டார் கிடையாது, எறிந்தார். எதிரி கிடையாது, மறு அணி. பழிதீர்த்தது, வேட்டையாடியது, நொறுக்கித் தள்ளியது எல்லாம் போயின. அனல் பறக்காதே என்று நிலையத்தில் இளைய தயாரிப்பாளர் ஒருவர் கவலைப்பட்டார். பறந்தது. 54–53, ஒரு நிமிடம் ஐம்பது விநாடி, சிவப்பு இன்னும் ஒரு ஃபவுல் செய்தால் நீலத்துக்கு ஃப்ரீ த்ரோ என்று மூன்று தகவலை அடுத்தடுத்து வைத்தால் கேட்பவருக்கு நெஞ்சு படபடக்கிறது. அதற்கு மேல் எந்தப் பெயரடையும் தேவைப்படவில்லை. நெருக்கமான ஆட்டத்தில் வெப்பம் எண்களிலேயே இருக்கிறது. போர்ச் சொல், எண்கள் சோர்ந்திருக்கும் ஆட்டத்தை ஊதிக் காட்டத்தான் உதவும்.

அன்றைய கடைசி இரண்டு நிமிடத்தைச் சொல்லி முடிக்கக் கைக்கடிகாரத்தில் கால் மணி நேரம் போயிற்று. கூடைப்பந்து தெரியாதவர்களுக்கு இது புதிராக இருக்கும். நான்காம் கால் பகுதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் கூடை விழுந்தாலும் கடிகாரம் நிற்கும். பின்தங்கிய அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்யும். மறு அணி ஃப்ரீ த்ரோவைக் கோட்டைவிட்டால் பந்து தங்களுக்கு வரும் என்ற கணக்கு. பயிற்சியாளர்கள் மிச்சம் வைத்திருந்த டைம் அவுட்டுகளை எல்லாம் இப்போதுதான் கேட்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். வானொலிக்காரருக்கு ஆட்டம் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம்தான் சோதனை.

அந்த நிமிடங்களில் என்ன பேசுவது? மேசைக்கு மிக அருகே நீல அணியின் பெஞ்ச். பயிற்சியாளர் பலகையில் வரைவது தெரிகிறது, சொல்வது கேட்கிறது. ஒலிபரப்பு அரை நிமிடம் வரை பிந்தித்தான் போகும். அதற்குள் திட்டம் பழசாகிவிடும். இருந்தும் அவர் அதைச் சொல்வதில்லை. கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறார். சிவப்பு அணியில் யார் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், யாருடைய காலணிக் கயிறு அவிழ்ந்திருக்கிறது, பார்வையாளர் வரிசையில் ஒரு சிறுமி கையில் வைத்திருக்கும் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது. பிறகு ஸ்கோர், நேரம், ஃபவுல் கணக்கு. பிறகு அம்மம்மாவுக்கு ஒரு விதி. பிறகு கொஞ்சம் சும்மா இருத்தல். மண்டபத்தின் இரைச்சலைச் சுவரோர ஒலிவாங்கி கொண்டுபோகட்டும் என்று விட்டுவிடுகிறார். தமிழ் வானொலிகளில் விளம்பரம் போடாத மௌனம் அரிது. சிலர் இணைப்பு அறுந்துவிட்டதா என்று செய்தி அனுப்பினார்கள்.

சிவப்பு அணியின் உயரமான பையன் ஐந்தாவது ஃபவுலோடு வெளியேறியதில் ஆட்டம் சாய்ந்தது. கூடைக்குக் கீழே அவன் மறித்து நின்ற இடம் காலியானது. நீலம் அடுத்தடுத்து இரண்டு தடவை அங்கேயே புகுந்தது. கடைசி விநாடியில் அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. 61–55. இரு அணியும் வரிசையில் நின்று கை தட்டிக்கொண்டன. மேசையில் இருந்தவர்களுக்கும் கை கொடுத்தன. தோற்ற அணியின் பயிற்சியாளரோடு பேட்டி எடுக்க நிலையம் கேட்டது. அவர் இரு பயிற்சியாளர்களையும் கூப்பிட்டுப் பேசவைத்தார். பிள்ளைகளிடம் ஒலிவாங்கியை நீட்டவில்லை. தோற்ற கையோடு ஒரு பதினைந்து வயதுப் பையனிடம் எப்படி உணர்கிறாய் என்று கேட்பது, பெரியவர்கள் செய்யும் அசட்டு வேலைகளில் ஒன்று.

லண்டன் தமிழ் வானொலிகளில் பாட்டுக்கும் அரசியலுக்கும் ராசிபலனுக்கும் நேரம் தாராளமாக இருக்கிறது. பள்ளி ஆட்டங்களுக்கு இல்லை. செலவு என்று பார்த்தால் ஒரு கைபேசி, ஓர் ஒலிவாங்கி, ஓர் அனுமதிக் கடிதம். கிடைக்காதது ஆட்கள்தான். வர்ணனைக்கு ஆள் வேண்டும் என்று அவர் கேட்பதில்லை; அதற்கு முன்னால் மேசைக்கு ஆள் வேண்டும் என்கிறார். ஸ்கோர் தாள் எழுதத் தெரிந்த, கடிகாரத்தை நிறுத்தித் தொடங்கத் தெரிந்த பெற்றோர் இருவர் மேசையில் இருந்தால் பள்ளி ஆட்டம் ஒழுங்காக நடக்கும். ஆட்டம் ஒழுங்காக நடந்தால் அதைச் சொல்ல ஒருவர் வந்துவிடுவார். பேஸ்கட்பால் இங்கிலாந்து அமைப்பு மேசை அலுவலர்களுக்கான பயிற்சியை நடத்துகிறது. இதற்கு ஆடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பிள்ளை ஆடுகிற பள்ளியில் மேசையில் யார் உட்காருகிறார்கள் என்று இந்த வாரம் விசாரித்துப் பாருங்கள்.